பொன்னாடையும் சம்பளமும்

(பண்பாட்டுக் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணக்காரக் குடும்பங்கள் உள்ளூர்க் கலைக்குக் கொடுக்கிற பணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாங்கலாமா, கூடாதா என்பதோடு முடிந்துபோகிற கேள்வியாக எனக்கு இது படவில்லை.

நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் செட்டிநாட்டு ராஜா அண்ணாமலை செட்டியார் குடும்பம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்றே ஒரு கல்லூரி. 1941இல் அங்கே தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். 1948இல் அவர் மறைந்த பிறகும் மகன் முத்தையா செட்டியார் காலத்தில் வேலை தொடர்ந்தது. பாரிமுனைப் பக்கம் போனால் ராஜா அண்ணாமலை மன்றத்தைப் பார்க்கலாம். கச்சேரி முடியப்போகிற நேரத்தில் துக்கடாவாக மட்டும் தமிழ் பாடிய காலம் அது. மியூசிக் அகாடமி தரப்பு முறைத்துக்கொண்டது. இந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தச் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்காது. அதை மறுக்க வேண்டியதில்லை.

பெரியாரும் ஆதரித்தார். ஆனால் தமிழில் பாடினால் மட்டும் போதுமா, எதைப் பாடுகிறீர்கள் என்றும் கேட்டார். அதோடு நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன்: யார் வாசிக்கிறார்கள்? பாட்டின் மொழி மாறியது. பறை தெருவிலேயே நின்றது.

கொடுப்பவர் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த காசில் 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தினார். 1916 பரோடா மாநாட்டுக்குத் தன் மகள்களையே அழைத்துப்போய் இசைத்துக் காட்ட வைத்தார். 'கருணாமிர்த சாகரம்' அடுத்த வருடம் வந்தது. தோள்சீலைக்காகப் போராட வேண்டியிருந்த நாடார் சமூகத்தில் பிறந்தவர் அவர்.

இப்போது என் கதை. என் தாத்தா பறை அடித்தவர். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கூலியாக நெல்லும் சாராயமும். இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறைப் பயிற்சி நடத்த, பக்கத்து நகரத்தில் ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். நல்ல மனிதர்கள், காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்கள். பந்தலுக்குப் பணம் உண்டு, மைக் செட்டுக்கு உண்டு, சாப்பாட்டுக்கு உண்டு. சொல்லிக்கொடுக்கிற ஆசானுக்கு? பொன்னாடையும் கேடயமும்.

"மார்கழி விழாவில் மிருதங்கம் வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களே?"

"அவர் புரொபஷனல் தம்பி. இது மண்ணோட கலை, சேவை மாதிரி."

இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள். தோல் வேண்டாம், பைபர் பறை வாங்கிக்கொள்ளுங்கள். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அதைச் செய்கிற தலித் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு கையை விரித்தது. அங்கேயும் தோலைப் பற்றிப் பேசுவதுதான் சிக்கல்.

ஊருக்கு வந்து ஆசானிடம் சொன்னேன். அவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "வீட்டுல ஏற்கெனவே ஒன்பது பொன்னாடை கெடக்கு. ரேஷன் கடையில அத வாங்க மாட்டேங்குறான்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நெல்லும் சாராயமும் கொடுத்தவர்களும் அதைக் கூலி என்றாவது சொன்னார்கள்.

அந்த வருடம் பணத்தை வாங்கவில்லை. பயிற்சியும் நடக்கவில்லை. பிள்ளைகள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள், நியாயம்தான். அதனால் இந்த முறை மறுபடியும் அதே அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறோம். முதல் வரி ஆசானின் நாள் சம்பளம், மிருதங்கக்காரருக்குக் கொடுக்கிற அதே தொகை. இரண்டாவது வரி தோல். பந்தல் கேட்கவில்லை, எங்களுக்கு வேப்பமரம் இருக்கிறது.

பதில் இன்னும் வரவில்லை. பயிற்சி வருகிற ஞாயிறு தொடங்குகிறது. முதல் மாதச் சம்பளத்துக்கான உண்டியல் வாசலில், செருப்பு விட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.