விலகி நிற்கும் ஆட்டக்காரர்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் விளையாட்டைப் பற்றியது. ஆனால் ஆடுவதைப் பற்றி அன்று. ஆடாமல் இருப்பதைப் பற்றியது. உடலில் வலுவும், கையில் திறமும், குழுவில் இடமும் பெற்ற ஓர் இளைஞன், "இந்த ஆட்டத்தில் இறங்கமாட்டேன், இதைவிடப் பெரியதொன்று எனக்காகக் காத்திருக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்கிறான். அவனைத் தன்னலக்காரன் என்று தூற்றுவதா, முன்யோசனை உடையவன் என்று மெச்சுவதா? சென்ற சில ஆண்டுகளாக நம் நாட்டில் இக்கேள்வி பலமுறை எழுந்துவிட்டது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தன் ஆண்டு ஒப்பந்தப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஷ்ரேயஸ் ஐயர், இஷான் கிஷன் என்னும் இருவரின் பெயரும் இல்லை. நாட்டுக்காக ஆடாத நாட்களில் வீரர்கள் உள்நாட்டுப் போட்டிகளுக்கு முதன்மை தரவேண்டும் என்ற அறிவுரையும் அத்துடன் வந்தது. சில நாட்களுக்கு முன்னரே வாரியத்தின் செயலாளர் ஜெய் ஷா, ஐ.பி.எல். போட்டியைக் கருதி உள்நாட்டு ஆட்டங்களை வீரர்கள் ஒதுக்குவது கவலைக்குரியது என்று கடிதம் எழுதியிருந்தார். இஷான் கிஷன் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து இடையில் திரும்பியவர். பின்னர்த் தம் ஜார்க்கண்ட் அணிக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்காமல், பரோடாவில் தனியே பயிற்சி செய்துவந்தார். ஷ்ரேயஸ் ஐயர், முதுகுவலி என்று மும்பை அணியின் கால் இறுதி ஆட்டத்தில் கலந்துகொள்ளவில்லை.

ரஞ்சிக் கோப்பை என்பது என்ன என்பதை இளையவர்களுக்குச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் அதன் முதல் ஆட்டம் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது, ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அன்றுமுதல் இந்திய அணிக்குப் போகும் வழி அந்த வாசல் வழியாகவே இருந்தது. தமிழ்நாடு அக்கோப்பையை 1954-55-இலும் 1987-88-இலும் வென்றிருக்கிறது. நான்கு நாள் வெயிலில் நின்று ஆடவேண்டிய ஆட்டம் அது. பார்ப்பவர் சிலரே. பல ஊர்களில், காகங்களையும் காவலாளிகளையும் சேர்த்து எண்ணினாலும் நூறு தேறாது.

ஊதியக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அப்பழக்கம் விடவில்லை. 2021-22-ஆம் ஆண்டு முதல், இருபது ஆட்டங்கள் வரை ஆடியவர்க்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், நாற்பதுக்கு மேல் ஆடியவர்க்கு 60,000 ரூபாய் என்று வாரியம் வகுத்தது. முதல் சுற்றில் ஏழு ஆட்டங்கள், ஆட்டத்திற்கு நான்கு நாட்கள். ஒன்றையும் விடாமல் ஆடினால் இளையவனுக்கு 11,20,000 ரூபாயும் மூத்தவனுக்கு 16,80,000 ரூபாயும் கிட்டும். ஆனால் 2024-ஆம் ஆண்டு ஐ.பி.எல்.லுக்கு நடந்த ஏலத்தில் மிகக் குறைந்த அடிப்படை விலையே 20 இலட்சம். அடுத்த ஏலத்தில் அது 30 இலட்சம் ஆயிற்று. அதுவும் இரண்டு மாதத்திற்கு. களத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது உண்டு.

இந்த வேறுபாடு ஓர் ஏழைக் குடும்பத்திற்கு எத்தகையது என்பதைச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி சொல்லும். அவ்வூர் நடராஜனின் தந்தை கூலி வேலை செய்தவர். தாய் சாலையோரத்தில் கடை நடத்தியவர். 2017-ஆம் ஆண்டு ஏலத்தில் பஞ்சாப் அணி நடராஜனை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. தறியும் கூலியும் அறிந்த எங்கள் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகள் அச்செய்தியை எவ்வளவு ஆவலோடு படித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பிள்ளை ஒருவன் ஏலத்திற்கு முந்திய வாரம் தன் தோளைக் காத்துக்கொள்ள நினைத்தால், வயிறு நிறைந்தவர் எவரும் அவனுக்கு உபதேசம் செய்ய உரிமை உடையவர் அல்லர்.

இதே வழக்கு அமெரிக்காவில் வேறொரு வடிவில் நடந்துவருகிறது. அங்கே கல்லூரிக் கால்பந்தாட்டம் என்பது, பெயர்தான் காலுக்கு உரியதே தவிர, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவதுமான முரட்டு ஆட்டம். பருவத்தின் இறுதியில் 'பவுல்' ஆட்டங்கள் என்று சில நடைபெறும். கிண்ணம் போன்ற மைதானங்களில் நடந்ததால் வந்த பெயர் அது. அதன்பின் சில மாதங்களில், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைமுறையாகத் தேர்ந்தெடுக்கும். முதல் வரிசையில் எடுக்கப்பட்டவனுக்குப் பல கோடி. பின் வரிசையில் எடுக்கப்பட்டவனுக்கு அதில் ஒரு சிறு பங்கு.

2016-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நாட்டர் டேம் பல்கலைக்கழகத்து ஜேலன் ஸ்மித் என்னும் இளைஞன் அத்தகைய ஆட்டமொன்றில் முழங்கால் முறிந்து விழுந்தான். தசைநார்கள் அறுந்தன, நரம்பும் பழுதுற்றது. முதல் சில இடங்களுக்குள் எடுக்கப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்த அவன், 34-ஆவது ஆளாக எடுக்கப்பட்டான். அடுத்த பருவம் முழுதும் ஆடவில்லை. அந்த முழங்கால் அமெரிக்க நாட்டுக் கல்லூரி வீரர் அனைவருடைய கண்முன்னும் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, லூயிசியானாவின் லெனார்ட் ஃபோர்னெட் என்ற இருவரும், தம் அணிகளின் இறுதி ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தனர். பலர் ஏசினர். 2017-இல் ஃபோர்னெட் நான்காவது ஆளாகவும் மெக்காஃப்ரி எட்டாவது ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள். பின்னர் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2023-ஆம் ஆண்டு இறுதியில், பருவம் முழுதும் தோல்வியே காணாத ஃபிளாரிடா ஸ்டேட் அணி, பட்டத்திற்கான போட்டியில் இடம் மறுக்கப்பட்டது. மனமுடைந்த அவ்வணியில் பலர் விலகிக்கொள்ள, எஞ்சியவர்கள் ஜார்ஜியாவிடம் 63-க்கு 3 என்று தோற்றார்கள். எஞ்சி நின்ற பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒன்றை மறவாதீர்கள். மெக்காஃப்ரி விலகிய காலத்தில் அமெரிக்கக் கல்லூரி வீரனுக்குப் படிப்புச் செலவு கிடைத்ததேயன்றி ஊதியம் கிடையாது. பயிற்சியாளர் இலட்சக்கணக்கான டாலர் பெற்றார். தொலைக்காட்சி நிறுவனம் பெற்றது. அரங்கத்தின் உரிமையாளர் பெற்றார். முழங்காலைப் பணயம் வைத்தவன் மட்டும் பெறவில்லை. தன் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்ட 2021 ஜூலையில்தான் அவனுக்கு வழி திறந்தது; கல்லூரியே நேரடியாகப் பணம் தர 2025 ஜூலையில்தான் வழி பிறந்தது. ஊதியம் தராதவன், "எனக்காக உன் உடம்பை உடைத்துக்கொள்" என்று கேட்பதற்கு என்ன நியாயம் உண்டு? மெக்காஃப்ரி பக்கம் நான் நிற்பேன்.

நம்மவர் நிலை அன்னதன்று. ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவன், ஆடினாலும் ஆடாவிட்டாலும் வாரியத்திடம் கோடிக் கணக்கில் பெறுகிறான். பெற்றவனிடம் கேட்கலாம். ஆகவே 2024-இல் வாரியம் எடுத்த முடிவு அடிப்படையில் தவறன்று. ஆயினும் அதற்கு அடுத்த வாரமே, மார்ச் 9-ஆம் நாள், டெஸ்ட் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் களமிறங்குவோர்க்கு ஆட்டத்திற்கு 45 இலட்சம் வரை ஊக்கத்தொகை என்று அதே வாரியம் அறிவித்தது. அதனால் ரஞ்சி ஆட்டக்காரனின் நாட்கூலியில் ஒரு காசும் ஏறவில்லை. அடித்தளத்தை மதியுங்கள் என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்கு வெள்ளையடித்த கதைதான்.

நம் பள்ளிகளிலும் இந்த விலகல் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைத்ததும் கபடி, வாலிபால் அணிகளிலிருந்து நல்ல பிள்ளைகள் ஒவ்வொருவராக உதிர்வதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டவன் நான். அரசுத் தேர்வு இருக்கிறது. அதற்குமேல் நுழைவுத் தேர்வு இருக்கிறது. விரல் முறிந்தால் எழுதுவது எப்படி என்று பெற்றோர் கேட்பது அறியாமை ஆகாது. அவ்வாறு விலகிய பிள்ளைகளில் இரண்டு வகை கண்டிருக்கிறேன். ஒருவன் மூன்று வாரத்திற்கு முன்பே உடற்பயிற்சி ஆசிரியரிடம் வந்து, "ஐயா, நான் வரவில்லை, என் இடத்திற்கு வேறொருவனைப் பழக்குங்கள்" என்று சொல்வான். மற்றவன் ஆட்ட நாள் காலையில் காய்ச்சல் என்று தம்பியிடம் சொல்லி அனுப்புவான். வண்டி புறப்படும் நேரத்தில், ஆறு மாதமாக ஓரத்தில் நின்ற ஒரு சிறுவனுக்கு, அளவு பொருந்தாத சட்டையை மாட்டி அழைத்துப்போக வேண்டியிருக்கும். விலகியது இருவருமே. எனினும் முதல்வன் தன் தோழனுக்கு மூன்று வாரம் கொடுத்தான்.

மெக்காஃப்ரி முன்கூட்டிச் சொன்னதன் பயனும் அதுதான். அவர் இடத்தில் இறங்கிய பிரைஸ் லவ் என்ற இளைஞன் அன்று சிறப்பாக ஓடினான், ஸ்டான்ஃபோர்டு வென்றது. அடுத்த ஆண்டு நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரன் என்ற விருதில் இரண்டாம் இடம் அவனுக்குக் கிடைத்தது. அப்போதே தொழில்முறை அணிக்குப் போயிருக்கலாம். அவன் போகவில்லை; கல்லூரியில் இன்னும் ஓராண்டு ஆட நின்றான். 2018 டிசம்பரில் முழங்கால் முறிந்தது. நான்காம் சுற்றில்தான் எடுக்கப்பட்டான். தொழில்முறைப் போட்டி ஆட்டம் ஒன்றிலேனும் அவன் கால் படவில்லை. விலகியவனால் இடம் பெற்றவன், விலகாததால் இழந்தான். இக்கதையைக் கொண்டு எக்கட்சிக்காரரும் வாதாடலாம்.

இனி ஆந்திரத்தைப் பார்ப்போம். எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். ஆகவே தமிழ்நாட்டு அணியையும் ஆந்திர அணியையும் ஒருங்கே நம்மவர் என்று கொண்டாடும் வீடுகள் இன்றும் இங்கு உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இந்தூரில் ரஞ்சிக் கால் இறுதி. ஆந்திர அணியின் தலைவர் ஹனுமா விஹாரி. ஆவேஷ் கானின் பந்து எகிறி அவருடைய இடது மணிக்கட்டை முறித்தது, வெளியேறினார். ஒன்பது விக்கெட்டுகள் வீழ்ந்தபின், கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்தார். வலக்கை ஆட்டக்காரரான அவர் இடக்கை ஆட்டக்காரரைப் போல் மாறி நின்றார். அவ்வாறு நின்றால் முறிந்த கை பந்துக்கு எதிரே வராமல் பின்னுக்குப் போகும். ஒற்றைக் கையாலேயே பந்தைத் தடுத்தார், அடிக்கவும் செய்தார். இரண்டாம் முறையும் அப்படியே இறங்கினார். ஆட்டத்தில் வென்றது மத்தியப் பிரதேசம். அவ்வாண்டு ஐ.பி.எல். அணிகளில் ஒன்றும் விஹாரியை எடுத்திருக்கவில்லை. அவரைப் போல் எல்லோரும் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முறிந்த கையோடு பிள்ளையைக் களத்திற்கு அனுப்பும் ஆசிரியனை வேலையிலிருந்து நீக்கவேண்டும். ஆனால் அதை அவரிடம் எவரும் கட்டளையிட்டுப் பெறவில்லை. கட்டளையிட்டிருந்தால் அதற்கு மதிப்பும் இல்லை.

ஷ்ரேயஸ் ஐயரின் கதையையும் முடித்துவிடுகிறேன். ஒப்பந்தம் போனபின் அவர் ரஞ்சி அரை இறுதியில் தமிழ்நாட்டிற்கு எதிராக ஆடினார். அந்த ஆட்டத்திற்கென்றே இந்திய அணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வாஷிங்டன் சுந்தர் நம் பக்கம் ஆடினார், மும்பையே வென்றது. இறுதி ஆட்டத்தில் ஐயர் 95 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் முதுகு நோவால் களத்தடுப்புக்கு வரமுடியவில்லை. பிறன் முதுகின் வலியைக் கடிதத்தால் அளக்க முடியாது என்பதை அச்சமயம் பலரும் நினைத்திருப்பார்கள். மே மாதம் சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணியைத் தலைமை தாங்கி ஐ.பி.எல். கோப்பையை வென்றார், நவம்பரில் 26.75 கோடிக்கு ஏலம் போனார். இஷான் கிஷன் ஆகஸ்டில் நம் திருநெல்வேலிக்கு வந்து, புச்சிபாபு நினைவுப் போட்டியில் ஜார்க்கண்டுக்காக நூறு ஓட்டங்கள் கடந்தார். 2025 ஏப்ரலில் இருவரும் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

அதே ஆண்டு ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் தோற்றுத் திரும்பிய இந்திய அணிக்கு, உள்நாட்டு ஆட்டம் கட்டாயம் என்று வாரியம் விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விராட் கோலி டெல்லி அணிக்காக ரஞ்சி ஆட வந்தார். எதிரணி ரயில்வே. வழக்கமாக வெறிச்சோடிக் கிடக்கும் அரங்கத்தின் முன், விடியுமுன்னரே ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். கோலி ஆறு ஓட்டங்களே எடுத்தார். ஹிமான்ஷு சங்வான் என்னும் வேகப்பந்து வீச்சாளர் வீசிய பந்து ஒன்று உள்ளே திரும்பி அவருடைய ஸ்டம்பைப் பெயர்த்து எறிந்தது. கூட்டம் எழுந்து வெளியே போகத் தொடங்கியது. கோலி அன்று வராமலிருந்தால், அதே பந்து வேறு எவருடைய ஸ்டம்பையாவது வீழ்த்தியிருக்கும். மறுநாள் செய்தித்தாளில் சிறிய எழுத்தில் ஒரு வரி வந்திருக்கும். ஆண்டுக்கணக்காக ஆளில்லாத அரங்கங்களில் பந்து வீசிய சங்வானின் பெயரை அன்று மாலைக்குள் நாடே சொல்லிற்று.