பாய் அளவு இடம் போதும்

 

பெங்களூர் ஸ்ரீராம்புரம் உழைப்பாளிகள் வாழும் பகுதி. சந்துகள் குறுகல். வீடுகள் சிறியவை. ஆனால் உழைப்போ பெரிது. ஒருவர் தரையில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறார். ஒருவர் கார்மெண்ட்ஸில் குனிந்து தைக்கிறார். இன்னொருவர் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். இரவானால் கழுத்து வலி, இடுப்பு வலி.

"நாள் முழுக்க வேலை செய்கிறோமே! அதுவே உடற்பயிற்சிதானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையில் உடம்பு ஒரே பக்கம் வளைகிறது. அதே தசைகள் மணிக்கணக்கில் இறுகுகின்றன. இறுகிய தசைகளை மெல்ல நீட்டிவிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

பி.கே.எஸ். ஐயங்கார் என்ற யோகா ஆசிரியரைப் பற்றிக் கேளுங்கள். அவர் 1918-இல் கோலார் மாவட்டம் பெள்ளூரில் பிறந்தார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் அவரை வாட்டின. மைசூரில் யோகா பழகத் தொடங்கியபோது, குனிந்தால் கை முழங்காலைத்தான் எட்டியது. அவரே பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 95 வயது வரை வாழ்ந்து 2014-இல் மறைந்தார். சுவர், நாற்காலி, கயிறு, போர்வை இவற்றையே துணையாக வைத்து அவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இவை ஏழை வீட்டிலும் உண்டு அல்லவா?

இடத்தை எப்படித் தயார் செய்வது?

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். கையை இரு பக்கமும் நீட்டிப் பாருங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. சூடான அடுப்பு, தண்ணீர்க் குடம் பக்கத்தில் வேண்டாம். ஊதுபத்தி உருட்டும் வீட்டில் கரித்தூள் பறக்கும். பயிற்சியில் மூச்சு ஆழமாகப் போகும். தூளும் உள்ளே போய்விடும். ஆகவே தரையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு பாய் விரியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியார் பார்ப்பார்கள் என்று கூச்சமா? பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகராது. கால் தடுக்காத உடை அணியுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் பொறுங்கள்.

மனசை எப்படித் தயார் செய்வது?

தண்ணீர் பிடித்தாகட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும். செல்போனைத் தள்ளி வையுங்கள். கண்ணை மூடி, பத்து முறை மெதுவாக மூச்சு விடுங்கள். "இந்தப் பத்து நிமிடம் என் உடம்புக்கு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். இது சோம்பல் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு போட்டி வேண்டாம். நின்ற இடத்திலேயே சிறிது நேரம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு மெல்ல நீட்டுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். இதமாக இழுத்தால் சரி. சுருக்கென்று வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய நோய், ரத்த அழுத்தம், தீராத முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். குடும்பத்தைத் தாங்கும் உடம்பே அந்தச் சுவர். நாளைக் காலை பாயை விரியுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் அழையுங்கள்.