உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் நாமும்



தோட்டத்துப் பக்கம் சுகாதார இலாகாவின் வண்டி வந்து நின்றால் போதும். செய்தி லயம் லயமாகப் போய்விடும். "யாரையோ பிடிக்க வந்துவிட்டார்கள்" என்பார்கள். கடைக்காரர் அவசர அவசரமாகத் தரையைக் கூட்டுவார். பலகாரத் தட்டுகளுக்கு மூடி தேடுவார். வண்டி போன பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த அதிகாரி யார், அவருடைய வேலை என்ன, அவர் வேலைக்கு நாம் எப்படி உதவ முடியும் என்று நாம் யோசிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது என் சொந்தத் தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு தோட்டப் பள்ளியில் வேலை செய்த காலம். விளையாட்டுப் போட்டி நாளன்று பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவதென்று பெற்றோர்கள் முடிவு செய்தார்கள். காலையில் எல்லோருக்கும் கொழுந்து பறிக்கப் போகவேண்டும் அல்லவா? ஆகவே முதல் நாள் இரவே சோறும் கோழிப் பிரட்டலும் சமைத்து அண்டாவில் மூடி வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைச் சொன்னது நான்தான். "ஐஸ் பெட்டி மாதிரி குளிர்கிற மலையில் சாப்பாடு எப்படிக் கெடும்?" என்றும் கேட்டேன்.

மறுநாள் மாலைக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இறைவன் அருளால் எல்லோரும் இரண்டு மூன்று நாட்களில் தேறிவிட்டார்கள். ஆனால் அன்றிரவு தாய்மார்கள் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று பயந்து, மிச்சமிருந்த கறியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தார்கள்.

காலையில் சுகாதார இலாகாவிலிருந்து தலை நரைத்த ஒரு மலாய் அதிகாரி வந்தார். "சிக்கு, சாப்பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன். சமைத்த பெரியம்மா கண்ணீரோடு நின்றார். அதிகாரி அவரை அதட்டவில்லை. "மக்சிக், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கழுவினீர்கள். ஆனால் பிள்ளைகளைப் படுக்க வைத்தது எது என்று இனி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரவில் வைத்ததால் கெட்டதா, தண்ணீரா, அல்லது கடையில் வாங்கிய கோழியா? கடைக் கோழியாக இருந்தால், அதே கோழி இன்றைக்கு வேறொரு வீட்டில் வெந்துகொண்டிருக்கும்" என்றார்.

நேயர்களே, உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் வேலை முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. நோயில் விழுந்த பிள்ளையிலிருந்து தொடங்கி, தட்டு, அண்டா, கடை, தொழிற்சாலை என்று பின்னோக்கி நடந்து, நஞ்சு புறப்பட்ட இடத்தை அவர் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் அடுத்த பிள்ளை சாப்பிடுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு அவருக்கு அதிகாரம் கொடுப்பது 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதற்கு முன் 1952-ஆம் ஆண்டின் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் நடப்பில் இருந்தது. புதிய சட்டமும் அதன் கீழ் எழுதப்பட்ட உணவு விதிமுறைகளும் 1985 அக்டோபர் முதல் நாள் தொட்டு நடப்புக்கு வந்தன. உணவு செய்யும் இடம், வைத்திருக்கும் இடம், விற்கும் இடம் எதிலும் அதிகாரி நுழைந்து பார்க்கலாம். பெட்டியைத் திறந்து பார்க்கலாம். மாதிரி எடுக்கலாம். சந்தேகமான சரக்கைப் பறிமுதல் செய்யலாம். இடம் அசுத்தமாக இருந்தால் 14 நாட்கள் வரை மூடிவைக்க உத்தரவிடவும் சட்டத்தில் வழி உண்டு. உடலுக்குத் தீங்கு செய்யும் பொருளைக் கலந்து விற்றவருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ, பத்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இவ்வளவு அதிகாரம் உள்ளவரைச் சட்டம் கட்டியும் வைத்திருக்கிறது. ரசாயனச் சோதனைக்காக ஒரு பொருளை எடுத்தால், அதற்குரிய விலையைக் கொடுக்கவேண்டும். சோதனைக்கு எடுக்கிறேன் என்று விற்பவரிடம் சொல்லவேண்டும். எடுத்ததை மூன்று பாகமாகப் பிரித்து முத்திரை வைக்கவேண்டும். ஒரு பாகம் விற்பவருக்கு, ஒரு பாகம் ஆய்வுக்கூடத்துக்கு, ஒரு பாகம் அதிகாரியிடம். ஏன் இப்படி? நாளைக்கு வழக்கு மன்றத்தில், "என் சரக்கு நல்ல சரக்கு, அதிகாரிதான் எதையோ கலந்துவிட்டார்" என்று விற்பவர் சொன்னால், அவர் கையிலும் ஒரு பாகம் இருக்கிறதல்லவா? குற்றவாளி தப்பக்கூடாது, குற்றமற்றவர் அகப்படவும் கூடாது. இந்த இரண்டுக்கும் காவல் அந்த முத்திரைதான். மாவட்டத்தில் மாதிரி எடுப்பவர் ஒருவர்; எந்த உணவைச் சோதிப்பது, எதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது, எந்த வழக்கைத் தொடுப்பது என்று பார்ப்பவர்கள் மாநிலத்திலும் புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சிலும் இருக்கும் மூத்த அதிகாரிகள்.

சட்டம் வந்த மூன்றே ஆண்டுகளில் அதற்குப் பெரிய சோதனை வந்தது. நம் மலையடிவாரத்துப் பேராக் மாநிலத்தில் நடந்தது அது. 1988 அக்டோபர் மாதம், சீனர்கள் ஒன்பது பேரரசர் திருவிழா கொண்டாடும் நேரம். லோ ஷீ ஃபுன் என்னும் ஒருவகை அரிசி மீயைச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, காய்ச்சல், வலிப்பு என்று வந்தது. 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 13 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

விசாரணை செய்தவர்கள் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்த மீயைப் பிடித்தார்கள். மீ வந்த வழியைத் தொடர்ந்து கம்பாரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீயில் தடைசெய்யப்பட்ட போரிக் அமிலம் சேர்த்திருந்தது தெரிந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இறந்த குழந்தைகளின் உடல் திசுக்களைச் சோதித்தபோது அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருந்தது. பூஞ்சணம் பிடித்த தானியத்திலும் கடலையிலும் உண்டாகும் நஞ்சு அது; ஈரலைக் கெடுத்துவிடும். சமையல் சூட்டில் அழியாது. மாதிரிகளைக் காத்து வைத்துச் சோதித்திராவிட்டால், பழி முழுவதும் போரிக் அமிலத்தின் மேலேயே போயிருக்கும்.

போரிக் அமிலத்தை ஏன் போடுகிறார்கள்? மீயும் மீன் உருண்டையும் ரப்பர் போல் துவளாமல் இருக்கும்; சீக்கிரம் கெடாது. இந்தப் பழக்கம் நம் நாட்டில் மட்டும் தோன்றியதல்ல. ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இறைச்சி கெடாமலிருக்க வெண்காரம் போட்டார்கள். அங்கே விவசாய இலாகாவின் தலைமை ரசாயன நிபுணராக இருந்தவர் ஹார்வி வைலி. அவர் 1902-இல் தாமாக முன்வந்த இளைஞர்கள் சிலரை மேசையில் உட்கார வைத்து, உணவோடு வெண்காரத்தைக் கொடுத்து என்ன ஆகிறதென்று பார்த்தார். தலைவலி வந்தது, வயிற்று வலி வந்தது, பசி போய்விட்டது. பத்திரிகைகள் அந்த இளைஞர்களுக்கு "நஞ்சுப் படை" என்று பெயர் வைத்தன. இப்படிப்பட்ட முயற்சிகளின் பயனாக 1906-இல் அங்கே தூய உணவுச் சட்டம் பிறந்தது. இன்று அதிகாரி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் சிறு பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது.

இனி நம் கியா பார்ம் பக்கம் வருவோம். இங்கே நமக்கு மூன்று காரியங்கள் முக்கியம்.

முதலாவது, குளிரை நம்பக்கூடாது. கிருமிகள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் பெருகும். நம் மலையின் இரவுக் குளிர் ஏறத்தாழ 15 பாகை; அதுவும் அந்த எல்லைக்குள்தான் அடங்கும். இன்னொன்றும் கவனியுங்கள். பெரிய அண்டாவின் வெளிப்புறம் ஆறிவிட்டாலும் நடுப்பாகம் விடிய விடிய வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான் கிருமிக்குத் தொட்டில். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விட்ட நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். எடுத்து வைக்க வேண்டுமானால், அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த முப்பது பிள்ளைகள் படுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, காய்கறி. நம்மில் பலர் தேயிலை வேலை முடிந்து காய்கறித் தோட்டங்களுக்கும் போகிறோம். ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும், அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கவேண்டும் என்று கணக்கு உண்டு. புட்டியின் தாளில் போட்டிருக்கும். காய்கறியில் எவ்வளவு மருந்து மிஞ்சலாம் என்று உணவு விதிமுறைகளின் 16-ஆம் அட்டவணை வரம்பு கட்டியிருக்கிறது. அதிகாரி சந்தையில் கீரையையும் கோசையும் எடுத்துப் போவது அதைப் பார்ப்பதற்காகத்தான். கழுவினால் மேலே ஒட்டிய மருந்து ஓரளவு போகும்; உள்ளே ஏறியது போகாது. நாள் கணக்கைக் காப்பாற்றுவது ஒன்றே வழி. காலி மருந்துப் புட்டியில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், இன்றே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கடை. சுற்றுலாப் பயணிகள் வரும் நாட்களில் சாலையோரம் கடை போட நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நல்லதுதான். 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுகிறவர் அதற்கான பயிற்சி பெறவேண்டும். டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வீண் செலவு என்று நினைக்காதீர்கள். டைபாய்டு கிருமி, பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் கையிலிருந்தும் பலகாரத்துக்குப் போகலாம்.

சாமான் வாங்கும்போது பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 'தாரிக் லுபுட்' என்று போட்டிருக்கும் தேதியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உப்பிய டின்னை வாங்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த கடலையை வெயிலில் காயவைத்துத் தின்னாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேர் ஒன்றாக நோயில் விழுந்துவிட்டால்? முதலில் நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போகாமல், உப்புச் சர்க்கரை மருந்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருங்கள். நஞ்சுணவு நோயை மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் நீங்கள் மருத்துவரிடம் போனால்தானே அவருக்குத் தெரியும்? வீட்டிலேயே கை வைத்தியம் பார்த்து மறைத்தால், செய்தி அங்கேயே செத்துவிடும்.

அடுத்து, மிச்ச உணவைக் கொட்டாதீர்கள். சுத்தமான பாத்திரத்திலோ பையிலோ போட்டு மூடி, யாரும் தின்றுவிடாதபடி எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பொட்டலத் தாளையும் கடை ரசீதையும் எடுத்து வையுங்கள். யார் எத்தனை மணிக்கு எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முதல் நாளே சமைத்தோம் என்றால் முதல் நாளே சமைத்தோம் என்று சொல்லுங்கள்.

அதிகாரி ஒருவர், அடுப்படிகள் ஆயிரம். ஒவ்வொரு வாசலிலும் அவர் நிற்க முடியாது. பேராக்கில் 13 குழந்தைகளின் பெற்றோருக்கு எந்தத் தண்டனையும் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. நாம் மறைக்காமல் சொல்லும் செய்தி இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

அந்தப் பெரியம்மா இன்றும் திருவிழாக்களுக்குச் சமைக்கிறார். இப்போதெல்லாம் அதிகாலையில் எழுந்துதான் அடுப்பு மூட்டுகிறார். பந்தி முடிந்த பிறகும் ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டி எடுத்து, மூடி போட்ட கிண்ணங்களில் தனியாக வைத்துவிட்டு, மறுநாள் எல்லோரும் நலம் என்று தெரிந்த பிறகுதான் கொட்டுகிறார். அந்தப் பழக்கத்தை நீங்களும் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.