கிட்டார் ஹீரோ 2: பாட்டு கூடியதா, விளையாட்டு மாறியதா?

(ஒலி வடிவில் வெளியான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்றைக்குக் கொஞ்சம் பழைய சரக்கு. 2005-ல் வந்த கிட்டார் ஹீரோ, அதற்கு அடுத்த வருடம், 2006-ல் வந்த கிட்டார் ஹீரோ 2. இரண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கப் போறோம்.

ஏன் இந்த இரண்டு? மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பாகம் வந்தால் புதுக் கதை, புது ஊர், புது ஆயுதம் என்று ஏதாவது இருக்கும். தாளத்துக்கு ஏற்ப பொத்தான் அமுக்குகிற விளையாட்டில் அப்படி என்ன புதிதாகக் கொடுத்துவிட முடியும்? பாட்டுகளை மாற்றி இன்னொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தால் அதுவே இரண்டாம் பாகம் ஆகிவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், விளையாடாதவர்களுக்காக இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு குட்டி கிட்டார். கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள். தந்தி இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் தட்டுகிற ஒரு பட்டை. டிவியில் ஒரு சாலை மாதிரி விரியும், அதில் வண்ண வட்டங்கள் நம்மை நோக்கி வரும். வட்டம் கோட்டைத் தொடும்போது இடது கையில் அந்த நிறத்தை அழுத்தி, வலது கையால் பட்டையைத் தட்டணும். சரியாகத் தட்டினால் கிட்டார் சத்தம் பாட்டோடு சேரும். தவறினால் அந்த இடத்தில் கிட்டார் மட்டும் காணாமல் போகும். அவ்வளவுதான் ஆட்டம்.

செய்தவர்கள் ஹார்மோனிக்ஸ். எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்து வந்த இரண்டு பேர் 1995-ல் ஆரம்பித்த நிறுவனம். இதற்கு முன்னால் ஃப்ரீக்வென்ஸி, ஆம்ப்ளிட்யூட் என்று இரண்டு தாள விளையாட்டுகள் செய்திருந்தார்கள். அந்த பிளாஸ்டிக் கிட்டாரைச் செய்து, விளையாட்டை வெளியிட்டது ரெட்ஆக்டேன். கிட்டார் வடிவக் கருவி அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஜப்பானின் கொனாமி 1999-லேயே கிட்டார்ஃப்ரீக்ஸ் என்று கடைகளில் வைக்கிற இயந்திரமாகக் கொண்டுவந்துவிட்டது. அதில் மூன்று பொத்தான்கள்தான்.

நான் விளையாட ஆரம்பித்தது 2007-ல். நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. அதில் ஒருத்தன் ஆன்சைட் போய்த் திரும்பும்போது ஒரு பிளேஸ்டேஷன் 2, கிட்டார் ஒன்று, முதல் பாகம், எல்லாம் பெட்டியில் கொண்டுவந்தான். அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த பெட்டி என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தேடி வாங்கினோம். அது ஒரு பக்கம் உறுமிக்கொண்டே இருக்கும்.

முதல் பாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் பாட்டு வரிசை அருமையாக அடுக்கப்பட்டது. ஐந்து ஐந்தாக ஆறு அடுக்குகள், மொத்தம் முப்பது பாட்டு. போக, பணம் சேர்த்துத் திறக்க வேண்டிய பதினேழு உபரிப் பாட்டு. எளிய நிலையில் மூன்று பொத்தான், அடுத்த நிலையில் நான்கு, அதற்கு மேல் ஐந்து. கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வாசித்த முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை. நான்தான் வாசித்தேன் என்று கை நம்பிவிட்டது.

சிக்கல் கடைசிப் பாட்டில் வந்தது. ஆஸி ஆஸ்போர்னின் 'பார்க் அட் த மூன்'. நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அதில் என் எதிரி கடைசியில் வருகிற அந்த சோலோ. சரமாரியாக வட்டங்கள் கொட்டும். ஒவ்வொரு தடவையும் நான் அங்கேதான் விழுவேன். விழுந்தால் என்ன செய்யணும்? பாட்டை முதலில் இருந்து ஆரம்பிக்கணும். எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மூன்றரை நிமிஷத்தை மறுபடி வாசித்து, தெரியாத முப்பது விநாடிக்கு வந்து, மறுபடி விழணும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த சோலோவை நான் நிஜமாகப் பழகியது ஐந்தாறு நிமிஷம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

சங்கீதம் கற்றுக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். சரளி வரிசையில் கை தடுக்கினால், வாத்தியார் கச்சேரியை ஆரம்பத்தில் இருந்து வாசி என்றா சொல்வார்? அந்த ஒரு வரியை எடுத்து முதல் காலத்தில் பத்து தடவை வாசிக்கச் சொல்வார். வந்த பிறகு இரண்டாம் காலம்.

இரண்டாம் பாகம் செய்த முதல் பெரிய மாற்றம் இதுதான். பயிற்சிப் பகுதி என்று ஒன்று வந்தது. பாட்டை அறிமுகம், சரணம், சோலோ என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எந்தத் துண்டு வேண்டுமோ அதை மட்டும் எடுக்கலாம். வேகத்தை மூன்று படி குறைக்கலாம். அங்கே தோல்வி என்பதே கிடையாது. கேட்பதற்குச் சாதாரண வசதி. ஆனால் முதல் பாகம் நம்மிடம் "முடியுமா, முடியாதா?" என்று மட்டும் கேட்டது. இரண்டாவது "எங்கே முடியவில்லை?" என்று கேட்டது.

அடுத்தது ஹாம்மர்-ஆன். நிஜ கிட்டாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அடுத்ததை மீட்டாமல் இடது கை விரலைத் தந்தியில் அழுத்தியே ஒலிக்க வைப்பார்கள். வேகமான இடங்களில் வலது கைக்கு அது ஓய்வு. முதல் பாகத்திலும் இது இருந்தது, ஆனால் நேரம் மயிரிழை பிசகினாலும் ஏற்காது. அதனால் என்னை மாதிரி ஆட்கள் அதை நம்பாமல் எல்லா வட்டத்தையும் தட்டியே தீர்த்தோம். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். இரண்டாம் பாகத்தில் அந்த நேர அளவைத் தளர்த்தினார்கள். சோலோ வந்தால் வலது கை அமைதியாக இருக்கும், இடது கை விரல்கள் ஓடும். அப்போதுதான் நிஜக் கிட்டார் வாசிப்பவர்களின் கை ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இதில் ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். "முதல் பாகத்தில் ஹாம்மர்-ஆன் வாசித்தவன்தான் வீரன், இரண்டாவதில் எல்லாரும் வாசித்துவிடலாம், அப்புறம் என்ன மதிப்பு?" எங்கள் வீட்டு ஆன்சைட் ஆசாமியே இந்தக் கட்சிதான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிஜத்தில் கையை இலகுவாக்க வந்த ஒரு உத்தி, விளையாட்டில் கையைக் கட்டிப்போட்டால் அது கண்டிப்பு இல்லை, பிழை. தவிர, இரண்டாம் பாகம் ஒன்றும் சுலபமாகிவிடவில்லை. ஒரு பக்கம் தளர்த்தினார்கள், மறுபக்கம் ஏற்றினார்கள். மூன்று பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்துகிற கார்டுகள் வந்தன. உபரிப் பாட்டுகளில் பக்கெட்ஹெட்டின் 'ஜோர்டன்' இருக்கிறதே, அதில் நிபுணர் நிலையில் நான் இன்றுவரை பாதி தாண்டவில்லை.

பாட்டும் கூடியது. எட்டு அடுக்கு, நாற்பது பாட்டு, உபரி இருபத்து நாலு. ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும் கூட்டம் "இன்னொன்று" என்று கேட்க, ஒரு மறுவாசிப்புப் பாட்டு. கடைசியில் 'ஃப்ரீ பேர்ட்'. ஒன்பது நிமிஷப் பாட்டு, அதன் பின்பாதி முழுக்க சோலோ. அதைத் தொடும் முன்னால் விளையாட்டே "நிஜமாவே வேணுமா?" என்று கிண்டலாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். பயிற்சிப் பகுதி இல்லாத முதல் பாகத்தில் இந்தப் பாட்டைப் போட்டிருந்தால் அது கொடுமை. இங்கே அது நியாயமான பரீட்சை.

இப்போது எனக்கு மிக முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தில் இரண்டு பேர் விளையாடினால் போட்டி மட்டும்தான். நீ கொஞ்சம், நான் கொஞ்சம் என்று மாறி மாறி வாசிக்கணும், கடைசியில் யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று பார்க்கணும். நான் தோற்பேன். தினமும் தோற்பேன். ஒரு கட்டத்தில் அவன் கிட்டாரை எடுத்தாலே நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

இரண்டாவதில் ஆளுக்கொரு கடினநிலை வைத்துப் போட்டி போடலாம் என்று ஆனது. அதைவிடப் பெரிய விஷயம், சேர்ந்து வாசிக்கிற வழி. ஒருவர் முதன்மைக் கிட்டார், மற்றவர் பேஸ் அல்லது ரிதம். மதிப்பெண் ஒன்று. வரிசையாகப் பத்து வட்டம் சரியாக வாசித்தால் இரண்டு மடங்கு, இருபதுக்கு மூன்று, முப்பதுக்கு நான்கு. அந்தக் கணக்கும் இருவருக்கும் பொது. ஒருத்தர் தவறினால் இருவருக்கும் போச்சு. கிட்டாரை நிமிர்த்தினால் கிடைக்கிற ஸ்டார் பவர் என்ற இரட்டிப்பு இருக்கிறதே, அது இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்த்தினால்தான் வேலை செய்யும்.

அந்தச் சமயம் எனக்கும் அவனுக்கும் கரண்ட் பில் விஷயமாகச் சண்டை, இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. இரண்டாம் பாகம் கைக்கு வந்த அன்றைக்கு, மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். வேறு ஆளில்லை. ரஷ் குழுவின் 'ஒய்ஒய்ஸீ' போட்டான். அதில் வாய்ப்பாட்டே கிடையாது, பேஸுக்கும் கிட்டாருக்கும் சமமான வேலை. நான் பேஸ். முதல் தடவை ஸ்டார் பவர் வீணானது, அவன் நிமிர்த்தினான், நான் நிமிர்த்தவில்லை. இரண்டாம் தடவை அவன் வாயைத் திறந்து "இப்போ" என்றான். சண்டைக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 2006-லேயே ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது, ஹார்மோனிக்ஸை எம்டிவி குழுமம் வாங்கியது. மூன்றாம் பாகத்தை நெவர்சாஃப்ட் என்ற வேறு நிறுவனம் செய்தது. ஹார்மோனிக்ஸ் 2007-ல் ராக் பேண்ட் கொண்டுவந்தார்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு என்று நாலு பேர் ஒரே குழுவாக. கிட்டார் ஹீரோ 2-ன் அந்த இரண்டு பேர் வாசிப்பில்தான் அதன் விதை இருந்தது என்பது என் கருத்து.

ஆக, பாட்டு கூடியதா, விளையாட்டு மாறியதா? இரண்டும்தான். ஆனால் பாட்டுப் பட்டியல் மட்டும் என்றால் முதல் பாகத்தின் முப்பதுதான் இன்றும் எனக்குப் பிடித்தது. முதல் பாகம் நான் ஒரு கிட்டார் கலைஞன் என்று நம்ப வைத்தது. இரண்டாம் பாகம் கற்றுக்கொள்ள இடம் கொடுத்தது, பக்கத்தில் ஒரு ஆளையும் கொடுத்தது. 'பார்க் அட் த மூன்' என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டாம் பாகத்தில் சோலோக்களைத் துண்டு துண்டாகப் பழகி, கை படிந்த பிறகு, பழைய டிஸ்க்கைப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

உங்கள் வீட்டில் ஏதாவது தாள விளையாட்டு சண்டையை மூட்டியதா, தீர்த்ததா? எழுதி அனுப்புங்க, அடுத்த அத்தியாயத்தில் படிக்கிறேன்.