வடசென்னைக்கு ஏற்ற தோட்டம்

நகரத்துக்குள் காய்கறி விளைவிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது குறைந்தது. ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் மேடைப் பாத்தி கட்டி, மக்கிய உரம் கலந்த மண்ணை நிரப்பிப் பயிரிட்டார்கள்; நிலத்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. இடநெருக்கடி மிகுந்த சிங்கப்பூர், 2020இல் அடுக்குமாடி வாகன நிறுத்தங்களின் மொட்டைமாடிகளைப் பண்ணைகளுக்கு வாடகைக்கு விட முன்வந்தது. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: சுத்தமான மண்ணும் உறுதியான இடமும் இருந்தால்தான் நகரத் தோட்டம் நிலைக்கும்.

இதை வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்க் கழிவும் கண்ட வட்டாரம் இது. அதனால் தரையில் விதைப்பதைவிட, தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் திட்டம் காட்டியதுபோல, மக்கிய தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளே நல்லது. தூசி இலையில் படியாதா என்று கேட்பது நியாயம். கீரையைவிடக் கத்தரி, வெண்டை, அவரை பாதுகாப்பானவை. நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் மாடி ஏது என்பது இன்னும் கனமான கேள்வி. மாநகராட்சிப் பள்ளிகள், சமுதாயக் கூடங்களின் மாடிகளைத் திறந்துவிடுவதே அதற்குப் பதில். மாடிகள் மட்டுமல்ல, இறாலும் நண்டும் தரும் எண்ணூர்க் கழிமுகமும் இந்த நகரத்தின் விளைநிலம்தான். அதைக் காப்பதையும் நகர வேளாண்மைக் கணக்கில் நாம் சேர்த்தே ஆக வேண்டும்.