பிள்ளைகளின் கல்வி முன்னேற்றமும் பெற்றோரின் கவனமும்

(நமது பள்ளிவாசல் மேல்தளத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நமது மஹல்லாவில் சில வீடுகளில் இனிப்பு வழங்கப்படுகிறது; சில வீடுகளின் கதவு பகலிலேயே சாத்தப்பட்டு விடுகிறது. கதவு சாத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை அடுத்த மாதம் கடை ஒன்றில் சம்பளத்திற்கு நிற்கிறான். 'கடைசி நேரத்தில் படிக்காமல் விட்டுவிட்டான்' என்று தந்தை கூறுகிறார். அந்தப் பிள்ளை தவறிய இடம் பத்தாம் வகுப்பு அன்று; மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ அவன் தவறிவிட்டான். அது வெளியே தெரிவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின, அவ்வளவே.

இத்தனை ஆண்டுகள் தெரியாமல் போனது ஏன்? 'எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்று சட்டம் போட்டதுதான் காரணம்' என்று பலரும் சொல்கின்றனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. 2009 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இரண்டு காரியங்களைச் சேர்த்தே சொன்னது. ஒன்று, பிள்ளையை ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது. மற்றொன்று, அவனது அறிவையும் புரிதலையும் ஆண்டு முழுவதும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும். 2019 இல் சட்டம் திருத்தப்பட்டு, நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்ட பின்பும், தமிழ்நாடு நிறுத்தி வைக்காத வழியிலேயே செல்கிறது. சமுதாயம் முதற்பகுதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பகுதியைக் காதில் வாங்கவில்லை என்பதே நமது குறை.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை கொண்டுவரப்பட்டபோது, பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண்ணும், வகுப்பில் அவ்வப்போது நடைபெறும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. தொகுத்தறி மதிப்பீடு, வளரறி மதிப்பீடு என்று அவற்றுக்குப் பெயர். அந்த 40 மதிப்பெண் பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பதை ஆசிரியர் கண்டறிவதற்காக வைக்கப்பட்டது. சில வீடுகளில் அதற்குரிய செயல்திட்டத்தைத் தாயார் இரவு விழித்திருந்து செய்து கொடுக்கிறார். இல்லையேல் கணினி மையத்தார் அச்சிட்டுத் தருகிறார். அந்த மதிப்பெண் யாருக்கு உரியது என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

இத்தகைய மதிப்பீடு நமக்குப் புதியதன்று. ஹிப்ளு மதரஸாவில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே நாற்பது மாணவர்கள் அமர்ந்திருந்தாலும் நாற்பது பேருக்கும் ஒரே பாடம் கிடையாது. இன்று ஒருவனுக்கு அரைப் பக்கம், மற்றொருவனுக்கு மூன்று வரி. புதிய பாடத்தைக் கேட்பதற்கு முன்பும் பின்பும் அண்மையில் ஓதியதையும் பழைய ஜுஸ்உகளையும் உஸ்தாத் கேட்கிறார். பழையது தடுமாறினால் புதியது நிறுத்தப்படும். அதனால் எந்த மாணவனும் தோற்றவனாகக் கருதப்படுவதில்லை. இன்னும் இரண்டு நாள் தேவைப்படுகிறவன், அவ்வளவே. எந்தப் பிள்ளை எந்த ஆயத்தில் வழக்கமாகத் தடுக்குவான் என்பது உஸ்தாதுக்கு மனப்பாடம். முன்னேற்றத்தை அளப்பது என்றால் இதுதான்.

அரசுப் பள்ளிகளிலும் இந்த வழி வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கப்படுகின்றனர். பின்னர் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியை கூறியதற்காக ஒரு தகப்பனார் பள்ளியில் சண்டையிட்டதாக அறிந்தோம். உண்மையைச் சொன்ன ஆசிரியைக்கு அவர் நன்றியல்லவா கூறியிருக்க வேண்டும்?

இனி வீட்டில் செய்ய வேண்டியது. 'நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?' என்று தாய்மார்கள் கேட்கலாம். பிள்ளையின் சென்ற ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் புத்தகத்தை மூடிவிட்டு அதில் என்ன இருந்தது என்று தன் சொந்தச் சொல்லில் கூறச் சொல்லுங்கள். திக்குகிறானா, சரளமாகப் படித்தும் பொருள் கூறத் தெரியாமல் நிற்கிறானா என்பதை அறிய நமக்கு எழுத்தறிவு கூடத் தேவையில்லை. மளிகைக் கடைச் சீட்டைக் கொடுத்து, ஐந்நூறு ரூபாயில் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு விளங்கப் போவதில்லை. கரும்பலகையில் இருப்பதை எழுதி வராத பிள்ளையை அடிப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக் கண்ணாடியோடு தீர்ந்துபோன 'மந்த புத்தி'கள் உண்டு.

தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்தால் மேலே உள்ள எண்ணோடு நின்றுவிடாதீர்கள். தவறிய வினாக்களைப் பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். பாடமே தெரியாமல் விட்டானா, வினாவைச் சரியாக வாசிக்காமல் வேறு ஒன்றை எழுதினானா, தெரிந்திருந்தும் நேரம் போதாமல் விட்டானா? முதலாமவனுக்கு மறுபடியும் பாடம் நடத்த வேண்டும். இரண்டாமவனுக்கு நிதானம் பழக்க வேண்டும். மூன்றாமவனுக்கு எழுதும் வேகத்தில் பயிற்சி வேண்டும். மூவரும் 38 வாங்கியிருக்கலாம். மூவரையும் ஒரே டியூஷனுக்கு அனுப்புவது பணத்திற்குக் கேடு.

வெளிநாட்டில் இருக்கும் தந்தையர் அலைபேசியில் முதலில் 'எத்தனை மார்க்?' என்று கேட்கின்றனர். அடுத்து, சாச்சா மகன் எத்தனை என்று கேட்கின்றனர். போன தேர்வை விட இந்தத் தேர்வில் எது இலகுவாக இருந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேச ஆரம்பிப்பான்.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வு குறித்து அறிய வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்திற்கு மிகாமலும், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் இருந்தால் எழுதலாம். தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த உதவித்தொகை 2022 இல் நிறுத்தப்பட்ட பின்பு, இந்தத் தேர்வின் தேவை கூடியுள்ளது. மேலும், சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நமது மஹல்லாவின் தாய்மார்கள் அந்த இடங்களை வெறுமையாக விடலாகாது.

நிர்வாகத்தாரிடம் நமது வேண்டுகோள் இரண்டு. ஆண்டு விழாவில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்கு மட்டும் பரிசளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பெரும்பாலும் அதே வீடுகளுக்கே அது செல்கிறது. அதை எடுக்க வேண்டாம். அதனுடன், ஜூன் மாதத்தில் இருந்த நிலையிலிருந்து மிகுதியாக முன்னேறிய பிள்ளைகளுக்கும் சம மதிப்பில் பரிசு வழங்க வேண்டும். 22 வாங்கியவன் 41க்கு வருவதில் உள்ள உழைப்பு, 92 வாங்கியவன் 94க்கு வருவதில் இல்லை. 'தரம் குறையும்' என்று பெரியவர் ஒருவர் கூறினார். அவரது அக்கறையை மதிக்கிறோம், கருத்தில் வேறுபடுகிறோம்.

இரண்டாவது, முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் வாரங்களில் மாலை மக்தபை அரை மணி நேரமாகக் குறைக்க வேண்டும். இதை இமாமே கேட்கலாமா என்று சிலர் வியக்கக்கூடும். மக்ரிபுக்குப் பின் களைத்து வரும் பிள்ளை ஒரு மணி நேரம் தூங்கி வழிவதை விட, அரை மணி நேரம் விழிப்போடு ஓதுவது மேல். மிஞ்சும் அரை மணி நேரத்தில் இந்த மேல்தளத்து அறையையும் மின்விளக்கையும் அவர்களுக்குத் திறந்து விடுவோம். கல்லூரியில் படிக்கும் நமது இளைஞர்கள் இருவர் உடன் அமர்ந்து வாசிப்பும் கணக்கும் பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் பெயரை முஅத்தினிடம் பதிவு செய்யவும். வரும்போது சென்ற ஆண்டுப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பவும்.