மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முடி கொட்டுவதைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீயக்காய், வெங்காயச் சாறு என்று ஏதாவது வரும் எனக் காத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கல்லாவுக்கு உள்பக்கம் நிற்கிறவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடி கொட்டுகிறது, மருந்து கொடுங்கள் என்று வருபவர்களில் பலருக்கு அந்த மருந்து அப்போது தேவையே இல்லை. கடைக்காரனே இப்படிப் பேசினால் வியாபாரம் என்னாவது என்று வீட்டில் கேட்கிறார்கள். அது தனிக் கதை.

போன கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் ஒரு பெண் வந்தாள். மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூர் போய் வருகிறவள். பிளாஸ்டிக் கவரில் எலுமிச்சங்காய் அளவுக்கு முடியைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். "அங்கிள், அஞ்சு பர்சென்ட் லோஷன் ஒண்ணு குடுங்க."

"குடுக்கிறேன்மா. மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் இல்லியே அங்கிள்."

பின்னால் நின்ற அப்பா சொன்னார்: "இன்னாம்மா ஒண்ணும் இல்லேன்ற? புள்ளையார் சதுர்த்தி சமயத்துல டெங்குன்னு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தியே!"

"அது அப்பவே சரியாப் போச்சேப்பா."

சரியாகிப் போனதுதான். ஆனால் தலைமுடி உடம்பின் கணக்கைத் தாமதமாகத்தான் எழுதும். அவள் கொண்டுவந்ததில் ஒரு முடியை எடுத்து, கடன் நோட்டின் கறுப்பு அட்டைமேல் வைத்து டியூப்லைட்டுக்கு நேரே காட்டினேன். வேர்ப் பக்கத்து நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைப் பொட்டு. "ஐயோ, வேரோட வந்துடுச்சா?" என்று பதறினாள். எல்லோரும் இங்கேதான் பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடி உலர்ந்து அப்படி ஆகியிருக்கிறது. வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல எனக்கு ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருஷம் வளர்கிறது, பிறகு ஏறத்தாழ 3 மாதம் சும்மா இருக்கிறது, பிறகு விழுகிறது, அதே இடத்தில் புதுமுடி. எந்த நேரத்திலும் 100 முடியில் பத்துப் பதினைந்து ஓய்வில் இருக்கும். பத்து என்றே வையுங்கள்: 10 ஆயிரம் முடி. 100 நாளில் அவை விழ வேண்டும் என்றால் நாளைக்கு 100. சீப்பில் தினமும் கொஞ்சம் முடி வருவது அதனால்தான், அது நோயில்லை.

சுரங்கத்தில் வேலை பார்த்த வீட்டுக்காரர்களுக்கு எளிதாகப் புரியும்: முடிகள் ஷிஃப்ட் முறையில் வேலை செய்கின்றன. எல்லாரும் ஒரே நாளில் லீவு போடுவதில்லை. ஆனால் கடுங்காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், கடும் ரத்தசோகை என்று ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஷிஃப்டை விட்டு இறங்கிவிடுகிறது. இறங்கினது அன்றைக்கே விழாது. 2, 3 மாதம் கழித்து, அடியில் புதுமுடி கிளம்பும்போதுதான் பழையது கழன்று வரும். டெங்கு செப்டம்பரில், முடி டிசம்பரில். நடுவில் நாம் ஷாம்பூவை மாற்றியிருப்போம், பழி ஷாம்பூ மேல் போகும். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்து எழுதினார். காரணம் நீங்கிவிட்டால் இந்தக் கொட்டல் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக அடங்கும். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னல் பழைய கனத்துக்கு வர ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம்.

எங்கள் ஊரில் எதற்கும் சுரங்கம் விட்டுச்சென்ற சயனைடு மண்மேட்டுத் தூசியைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் போர் தண்ணீரை. காற்றடிக்கிற நாளில் அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டி காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிற மேடு இந்த டிசம்பரில் மட்டும் உங்கள் முடியைக் குறிவைக்குமா?

இன்னொரு பழி கைக்குழந்தை மேல். "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு இதை மூடநம்பிக்கை என்று தள்ள மனம் வருவதில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது 2, 3 மாதத்தில். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் தயவால் விழாமல் நின்ற முடியெல்லாம் பிரசவத்துக்குப் பின் சேர்ந்து விழத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். பாட்டிமார்கள் நாளைச் சரியாகக் கணித்தார்கள், குற்றவாளியைத்தான் தப்பாகப் பிடித்தார்கள். பால் கொடுக்கிற தாய்மார்கள் மினாக்சிடில் கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. டாக்டரம்மாவைப் பாருங்கள் என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

மினாக்சிடில் என்றேன் இல்லையா, அந்த ரயில் பெண் கேட்ட லோஷனும் அதுதான். அது முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. அமெரிக்காவில் 1979-ல் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி முளைத்தது. அந்தப் பக்கவிளைவைப் பிடித்துக்கொண்டு தலையில் தடவும் லோஷனாக்கி 1988-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல மருந்துதான். பரம்பரை வழுக்கைக்கு உதவுகிறது. போட்டுக்கொண்டே இருக்கும்வரை உதவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ரயில் பெண் அன்றைக்கே பாட்டிலை வாங்கிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டியிருக்கும், ஓய்வில் இருக்கிற முடியைச் சீக்கிரம் தள்ளிவிடுவது இந்த மருந்தின் குணம். அழுதிருப்பாள். மார்ச், ஏப்ரலில் தானாக நின்றிருக்க வேண்டிய கொட்டல் நின்றிருக்கும். பெயர் மருந்துக்குப் போயிருக்கும். "இது இல்லாட்டி என் தலை என்னாயிருக்கும்" என்று மாதா மாதம் ஒரு பாட்டில். வேளைக்கு 1 மில்லி என்று இரண்டு வேளை போட்டால் 60 மில்லி பாட்டில் சரியாக 30 நாள். பிறகு நிறுத்தினால் மருந்தின் பலத்தில் நின்ற முடி சில மாதத்தில் உதிரும். பயந்துபோய் மறுபடி வாங்குவாள். எனக்கு லாபம்தான்!

அவளுக்கு லோஷன் கொடுக்கவில்லை. ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதைவிட மோசம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. விடியுமுன் ரயிலைப் பிடிக்க ஓடுகிற பெண்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை வாங்கிப் போனவள் ஒரு மாதம் கழித்து வந்தபோது கேட்டேன்: "எப்பம்மா போடுறே?"

"டீயோடதான் அங்கிள். இல்லேன்னா கொமட்டுது."

டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். எலுமிச்சம் சாறோ நெல்லிக்காயோ நல்லது. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், ஆனால் டீ கூடாது. கேழ்வரகுக் களியும் கீரையும் நல்லவைதான், ஆனால் காலியான கிடங்கை நிரப்ப அவை மட்டும் போதாது. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று கட்டாயம் தேட வேண்டும்.

முடிக்கென்று விற்கிற பயோட்டின் மிட்டாய்களைப் பற்றி ஒரே வார்த்தை: அது தைராய்டு பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும், ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லிவிடுங்கள்.

மனக்கவலையால் கொட்டுமா என்று கேட்பீர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வெயில்காலத்தில் சீப்பைக் காட்டிக் கவலைப்பட்ட முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இருக்கிற அளவு ஆதாரம் வெறும் கவலைக்கு இல்லை. ஆனால் சம்பளம் நின்ற வீட்டில் கவலை தனியாக வருவதில்லை. தூக்கம் போகும், சாப்பாடு ஒரு வேளையாகும். முடிக்கு அது போதும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 30 வயதுத் தம்பி ஒருவர் 2021-ல் கொரோனா வந்தபின் முடி கொட்டுகிறது, தானாக நின்றுவிடும் என்று ஒரு வருஷம் காத்திருந்தார். நெற்றியின் இரு பக்கமும் ஏறிக்கொண்டே போனது, அப்பாவுக்கும் அப்படித்தான். காய்ச்சல் செய்தது, உள்ளே நடந்துகொண்டிருந்த வழுக்கையை வெளியே காட்டியதுதான். அவருக்கு மருந்து வேண்டும், சீக்கிரமே வேண்டும். ஏற்கெனவே மினாக்சிடில் போட்டுக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சலுக்குப் பின் கொட்டினாலும், மருந்து தோற்றது என்று நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இரண்டு கொட்டலும் சேர்ந்துவிடும். வழுக்கைக்குத் தருகிற ஃபினாஸ்டெரைடு மாத்திரையைத் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்காதீர்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, புழுவெட்டு மாதிரி வட்டமாகப் போனாலோ, குழந்தை தலையில் செதிலோடு முடி உதிர்ந்தாலோ, 6 மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மூன்று மாதத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவானாலும் கையில் எடுத்துப் போங்கள். முடியைக் கவரில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம், நாலைந்து இழை போதும்.